கொச்சிக்குப் போய்க் கடல் பார்த்த கதை

மதுக்கரையில் மலை இருக்கிறது. மலைமேல் தர்மலிங்கேசுவரர் கோயில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அந்தக் கல்லை நம்பி 1934-இல் தொடங்கிய சிமெண்ட் ஆலை இருக்கிறது. அவ்வப்போது யானையும் வரும். இல்லாதது கடல் ஒன்றுதான்.

கோவைப் பக்கத்து ஆட்களுக்குக் கடல் என்றால் இரண்டு வழி. மெட்ராஸ் போகணும், அது 500 கிலோமீட்டர். இல்லாவிட்டால் வாளையாரைத் தாண்டி மலையாளக் கடலுக்குப் போகணும். கொச்சி சுமார் 200 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் ராத்திரி வீட்டுக்கு வந்து சோறு தின்னலாம். ஆகவே கையில் காசு குறைவாக உள்ள கல்லூரிப் பையன்கள் எல்லாரும் என்றைக்காவது ஒருநாள் ஃபோர்ட் கொச்சிக்குப் போய்த்தான் ஆவார்கள். இது விதி.

2024 டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அப்படி நாலு பேர் போனார்கள். நாலு பேரும் ஒரே வகுப்பு, கடைசி வருஷம். பேரெல்லாம் வேண்டாம். ஒருவன் கையில் எப்போதும் போன் கேமரா ஓடிக்கொண்டே இருக்கும், அவன் கேமரா. இன்னொருவன் டீ குடித்தால்கூட யார் எவ்வளவு தரணும் என்று எழுதி வைப்பவன், அவன் கணக்கு. மூன்றாமவன் உட்கார்ந்த இடத்தில் தூங்குவான், கும்பகர்ணன். நாலாமவனுக்குப் பட்டப்பெயர் எதுவும் அமையவில்லை. அதிகம் பேசமாட்டான். அவனை நாலாமவன் என்றே வைத்துக்கொள்வோம்.

நாலாமவன் வீடு மதுக்கரை. கேமராவின் வீடு பக்கத்திலேயே கோவைப்புதூரில், அடுக்குமாடிக் குடியிருப்பில். மற்ற இருவரும் டவுனுக்குள்.

ரயில் ஏறினதே ஒரு கூத்து. பாலக்காடு போகும் தண்டவாளம் மதுக்கரை வழியாகத்தான் போகிறது. ஆனால் எக்ஸ்பிரஸ் வண்டி அங்கே நிற்காது. அதனால் நாலாமவன் இருட்டோடு எழுந்து பஸ் பிடித்து எதிர்த்திசையில் கோவை ஜங்ஷன் போய், அங்கே ஏறி, கொஞ்ச நேரத்தில் தன் ஊர் பெயர்ப்பலகை ஜன்னலுக்கு வெளியே பறந்து போவதைப் பார்த்தான். "டேய் உங்க ஊருடா! டாட்டா சொல்லு!" என்று கேமரா கத்தினான். நாலாமவன் சிரித்தான்.

மதுக்கரை தாண்டியதும் வண்டி வேகம் குறைந்தது. வாளையார் வரைக்கும் யானை கடக்கும் இடம். 2021 நவம்பரில் நவக்கரை பக்கத்தில் ரயில் மோதி மூன்று யானைகள் செத்துப் போனது கோவைக்காரர்கள் யாருக்கும் மறக்காது. 2024 பிப்ரவரியில் மதுக்கரை வனச்சரகத்தில் யானை தண்டவாளத்துப் பக்கம் வந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் கேமராக்களை வைத்தார்கள். "பாத்தியா, யானைக்கே கேமரா வெச்சிருக்காங்க" என்று கேமரா பெருமைப்பட்டுக் கொண்டான். கும்பகர்ணன் அதற்குள் தூங்கிவிட்டான்.

வாளையார் தாண்டினால் எல்லாமே மாறிவிடுகிறது. பலகையில் எழுத்து மாறுகிறது, மண் நிறம் மாறுகிறது, டீயின் நிறம்கூட மாறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்ற அந்த ஒரு பெரிய வாசல் மட்டும் இல்லையென்றால் கோவைக்கு ஆனி ஆடிக் காற்றும் கிடையாது, இந்த ரயிலும் கிடையாது. திருச்சூர் தாண்டி எர்ணாகுளத்தில் இறங்கியபோது வியர்வை ஊற்றியது. டிசம்பர் மாதம் என்று யாரும் கொச்சிக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

அங்கிருந்து படகு. சின்னக் கட்டணத்தில் இவ்வளவு பெரிய காட்சி வேறெங்கும் கிடைக்காது என்று கணக்கே ஒத்துக்கொண்டான். வழியில் வில்லிங்டன் தீவு வந்தது. அது கடவுள் படைத்த தீவு இல்லை. ராபர்ட் பிரிஸ்டோ என்ற இங்கிலீஷ்கார இன்ஜினியர் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு. படகில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் யாரும் தண்ணீரைப் பார்க்கவில்லை. மீதிப் பாதி சுற்றுலாக்காரர்கள். அவர்கள் தண்ணீரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

ஃபோர்ட் கொச்சியில் இறங்கியதும் நேராகக் கடற்கரைக்கு ஓடினார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், கடற்கரை ரொம்பச் சுமார். காயலிலிருந்து அடித்து வந்த ஆகாயத்தாமரை கரையெல்லாம் குவிந்து கிடந்தது. ஆனால் துறைமுக வாய் பக்கத்திலேயே இருப்பதால், மூன்று மாடிக் கட்டடம் நகர்வது மாதிரி ஒரு கப்பல் கண்ணெதிரே போனது. அதற்கு நாலு பேரும் வாய் பிளந்து நின்றார்கள். கும்பகர்ணன்கூட விழித்திருந்தான்.

அடுத்தது சீன வலை. படத்தில் பார்த்திருப்பீர்கள். கரையில் நட்ட பெரிய மரச்சட்டத்தில் தொங்கும் வலை. நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்கணும். மறுபக்கம் கட்டித் தொங்கவிட்ட கற்கள் கீழே இறங்க, வலை தண்ணீரிலிருந்து மேலே எழும்பும். வலைக்காரர் "வா, வலிச்சோ" என்று கூப்பிட, கேமரா ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து ரீல்ஸ் எடுத்துக்கொண்டான். வலையில் வந்தது ஒரு கைப்பிடி பொடி மீன். அதைவிட, கயிறு பிடித்துப் பார்த்தவர்கள் கொடுத்த காசு அதிகம் இருக்கும் என்று கணக்கு கணக்குப் போட்டான்.

பிறகு புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503-இல் போர்ச்சுகீசியர் முதலில் மரத்தில் கட்டிய கோயில், பிறகு கல்லில் எழுப்பினார்கள். வாஸ்கோ ட காமா 1524 டிசம்பர் 24-ஆம் தேதி கொச்சியில்தான் செத்தார். இங்கேதான் புதைத்தார்கள், பிற்பாடு எலும்பைப் போர்ச்சுகலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சரியாக 500 வருஷம் ஆகப்போகிற மாதம். காலிக் குழியைச் சுற்றி நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நாலாமவன் மட்டும் மேலே பார்த்தான். உத்தரத்திலிருந்து நீளமான துணி விசிறிகள் தொங்கின. மின்சாரம் வராத காலத்துப் பங்கா. அதன் கயிறு சுவர் தாண்டி வெளியே போகும். வெளியே ஒரு ஆள் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால்தான் உள்ளே பிரார்த்தனை செய்கிற துரைமாருக்குக் காற்று.

"இழுக்கறவனுக்கு யாருடா வீசுவா?" என்றான் கணக்கு. நாலாமவன் பதில் சொல்லவில்லை.

ஆட்டோ பேசியது மட்டாஞ்சேரிக்கு. அரண்மனை பார்த்தார்கள். போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது, பிறகு டச்சுக்காரர் பழுது பார்த்ததால் பேர் மட்டும் டச்சு அரண்மனை. அதற்குப் பின்னால் 1568-இல் கட்டிய யூதர்களின் ஜெபாலயம். போனால் பூட்டிக் கிடந்தது. சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள். இது தெரியாமல் சனிக்கிழமையாகப் பார்த்து வந்ததற்கு நாலு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள்.

ஆட்டோக்காரர் நல்ல மனுஷர். பாதி மலையாளம், பாதி தமிழ். "ஒரு ஸ்பாட் போச்சு, சாரமில்லா. தோபி கானா காட்டித் தரேன். ஃபாரினர்ஸ் எல்லாம் வரும். அங்கே உள்ளவர் எல்லாம் தமிழ்தான்" என்றார்.

"சூப்பர்ணா, போலாம்!" என்றான் கேமரா. "பாம்பேல மகாலட்சுமி ஸ்டேஷன் பக்கத்துல இருக்குமே, அந்த மாதிரி செம லொகேஷன்டா!"

நாலாமவன் மட்டும், "பசிக்குதுடா, சாப்பிடப் போலாம்" என்றான். காலையிலிருந்து அவன் எதுவும் கேட்காதவன். ஆனால் ஆட்டோ அதற்குள் கிளம்பிவிட்டது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, நாலாமவனைப் பற்றிச் சொல்லணும்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், யார் அப்பா அம்மா என்ன வேலை என்று பேச்சு வந்தபோது, "அப்பா இல்ல. அம்மா துணி லைன்ல இருக்காங்க" என்று அவன் சொன்னான். கோவையில் துணி லைன் என்றால் மில், நூல், பனியன் என்று நூறு அர்த்தம் உண்டு. யாரும் மேலே கேட்கவில்லை. அது பொய் இல்லை. அவன் அம்மா தினமும் பஸ்ஸில் கோவைப்புதூர் போய், ஒரு குடியிருப்பின் வாசலில் தள்ளுவண்டி வைத்து, கரிப்பெட்டியில் துணி தேய்க்கிறார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. வேலை மிஞ்சிப்போன நாளில் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டு வருவார். ராத்திரி எட்டு மணிக்குமேல் அதைத் தேய்ப்பது மகன்.

அவன் பாட்டி காலத்தில் வண்டிகூடக் கிடையாது. கழுதை, வெள்ளாவி, ஊர்த் துணி. ஊர் முழுக்க அழுக்கு எடுத்து, வெளுத்து, திருப்பிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி வரணும். அறுப்பு முடிந்தால் களத்தில் கொஞ்சம் தானியம். கல்யாணம், சீர், எழவு எதுவானாலும் மாத்துத் துணி கொண்டுபோய் விரிக்கணும். பாட்டிக்கு அறுபது வயதானபோதும் தோட்டத்து வீட்டு ஆறு வயதுப் பொடியன் அவரை "வாடி, போடி" என்றுதான் கூப்பிடுவான். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. பாட்டியும் "சரிங்க சாமி" என்பார். இதைப் பார்த்து வளர்ந்தவன் "துணி லைன்" என்று சொன்னதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அவன் அம்மா வண்டி வைத்திருக்கும் குடியிருப்பு எது தெரியுமா? கேமராவின் குடியிருப்பு.

இது கேமராவுக்குத் தெரியாது. அவன் துணி எடுத்துக்கொண்டு கீழே வந்ததே இல்லை. அம்மாவோ வாட்ச்மேனோ பார்த்துக்கொள்வார்கள். நாலாமவனுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். மூட்டையைப் பிரித்தபோது வகுப்பில் பார்த்த சட்டை ஒன்று வந்தது. அன்றிலிருந்து அந்த வண்டிப் பக்கம் பகலில் அவன் போனதே இல்லை.

தோபி கானா ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்துப் பக்கம். உள்ளே போனால் வரிசையாகச் சின்னச் சின்ன சிமெண்ட் அறைகள், ஒவ்வொன்றிலும் தொட்டியும் துவைகல்லும். பின்னால் பெரிய வெட்டவெளி, நிறையக் கொடிகள், கொடி முழுக்க வெள்ளை வெளேரென்று வேட்டியும் படுக்கை விரிப்பும். ஒரு கிளிப் கிடையாது. இரண்டு புரிக் கயிற்றை முறுக்கி, அந்த முறுக்குக்குள்ளேயே துணி முனையைச் செருகிவிட்டால் காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது.

டச்சுக்காரர்கள் 1663 முதல் 1795 வரை கொச்சியை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் படைவீரர்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்ப் பக்கத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் தங்கள் முன்னோர் என்று இங்கே உள்ள வண்ணார் குடும்பங்கள் சொல்கின்றன. டச்சுக்காரன் போனான், இங்கிலீஷ்காரன் வந்தான், அவனும் போனான். அழுக்கு மட்டும் போகவில்லை. இவர்களும் போகவில்லை. முதலில் குளம் குட்டைகளில் வெளுத்தார்கள். இப்போதுள்ள இடத்தை 1976-இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது. வீட்டில் இன்னும் தமிழ் பேசுகிறார்கள்.

அவர்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் உள்ளே நின்றிருந்தது. ஒருவர் துணியை ஓங்கி அடிக்க, அந்தத் தண்ணீர் சிதறும் நொடிக்காக நாலைந்து கேமராக்கள் காத்திருந்தன. அவர் யாரையும் பார்க்காமல் அடித்துக்கொண்டிருந்தார்.

நம் கேமரா சும்மா இருப்பானா? போனைத் தூக்கிக்கொண்டு, "ஹாய் கய்ஸ், நம்ம இப்ப எங்க இருக்கோம்னா..." என்று ஆரம்பித்தான். அப்புறம் கூட வந்தவர்களிடம் திரும்பி, "டேய், ஹாஸ்டல் பசங்க அழுக்கையெல்லாம் கொண்டு வந்து இங்க போட்டிருக்கலாம். வண்ணான் இத்தன பேரு ஒரே எடத்துல இருக்கான் பாரு" என்றான்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினையே. அவன் வீட்டில், தெருவில், ஊரில் எல்லாரும் சொல்கிற மாதிரி சொன்னான்.

கணக்கு சிரித்தான். கும்பகர்ணனும் சிரித்தான். நாலாமவன் அந்த இடத்தை விட்டு நகர்ந்து, தேய்ப்புக் கூடத்துக்குள் போய்விட்டான்.

அங்கே பெரிய கூரை. நீள நீள மேசைகள். ஒரு பெரியவர் சிரட்டைக் கரி போட்ட பெட்டியை வைத்து வேட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயசு சொல்லலாம். கஞ்சி போட்ட வேட்டி, பெட்டி போகப் போகக் காகிதம் மாதிரி விறைத்தது. நாலாமவன் பார்த்துக்கொண்டே நின்றான். பெரியவர் பெட்டியை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது, பெட்டி துணிமேல் லேசாகச் சாய்ந்தது. இவன் யோசிக்கவே இல்லை. சட்டென்று கைப்பிடியைப் பிடித்து நிமிர்த்தி, தாங்கியின்மேல் வைத்து, சாம்பல் துணியில் விழாமல் வாயால் ஊதிவிட்டான்.

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி எந்த ஊரு?"

"மதுக்கரைங்கய்யா. கோயமுத்தூர் பக்கம்."

"கை பழகின கையா இருக்கே."

அவன் பேசவில்லை. அதற்குள் மற்ற மூவரும் வந்துவிட்டார்கள். கேமரா போனை நீட்டிக்கொண்டே, "தாத்தா, ஒரு வீடியோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டான். பெரியவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவன் சட்டையைப் பார்த்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை. காலையிலிருந்து ரயிலிலும் படகிலும் ஆட்டோவிலும் கசங்கியிருந்தாலும், கையில் போட்ட மடிப்பு மட்டும் கோடு கிழித்தது மாதிரி நின்றது.

"இது நல்ல வேலை" என்றார் பெரியவர், அந்த மடிப்பை விரலால் தொட்டு. "கரண்டுப் பெட்டி இல்ல, கரிப்பெட்டி. கனம் தெரியுது. யாரு போட்டது?"

"எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல ஒரு இஸ்திரிக்காரம்மா இருக்காங்க தாத்தா. அவங்கதான்" என்றான் கேமரா.

"இல்ல" என்றான் நாலாமவன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அது எங்கம்மா. ஆனா இந்தச் சட்டை அவங்க போட்டது இல்ல. நான் போட்டது. வியாழக்கிழமை ராத்திரி."

அவ்வளவுதான் சொன்னான். சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. பெரியவர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு முன்பே தெரிந்த செய்தி மாதிரி.

கேமரா போனைப் பையில் போட்டான். கணக்கு எதையோ எண்ணுவது மாதிரி தரையைப் பார்த்தான். கும்பகர்ணன்தான் பேசினான். "ஏன்டா இத்தன நாளா சொல்லல?"

"சொல்லியிருந்தா?" என்றான் நாலாமவன். அதற்குக் கும்பகர்ணனிடம் பதில் இல்லை.

பெரியவர் அவர்களை அப்படியே விடவில்லை. நாலாமவன் கையில் பெட்டியைக் கொடுத்து, "இந்த ஒரு வேட்டி போடு, பாக்கட்டும்" என்றார். அவன் போட்டான். நாலு முழ வேட்டி, இரண்டு பக்கக் கரையும் ஒன்றுமேல் ஒன்று உட்கார மடித்தான். பெரியவர் ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, ஒரு இடத்தில் கஞ்சி கட்டியாக நின்றதைக் காட்டி, அங்கே ஈரத்துணி வைத்து எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுத்தார். தொழில் பேச்சு பத்து நிமிஷம் ஓடியது. நீலம் எவ்வளவு, கரி என்ன விலை, ஓட்டல்காரன் ஒழுங்காகக் காசு கொடுக்கிறானா, மெஷின் வந்து எவ்வளவு வேலை போச்சு, பிள்ளைகள் இதற்கு வருகிறார்களா. "எம் பசங்க வரல" என்றார் பெரியவர். "நீ படிக்கிறாயா? படி. ஆனா இது ஒளிக்கிற வேலை இல்ல தம்பி. அழுக்குப் பண்றவன்தான் ஒளிக்கணும்."

சாப்பிட்டபோது யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மீன் பொரித்தது நன்றாகத்தான் இருந்தது. கணக்கு முதல் தடவையாக பில்லை எழுதி வைக்காமல் தானே கொடுத்தான். அது தேவையில்லாத வேலை என்று நாலாமவனுக்குத் தோன்றியது. அவன் கேட்டது காசு இல்லையே. மறுநாளே தன் பங்கைக் கொடுத்துவிட்டான்.

திரும்பி வருகிற ரயிலில் கூட்டம். இருட்டிவிட்டது. கும்பகர்ணன் தூங்கவில்லை, தூங்குவது மாதிரி கண்ணை மூடியிருந்தான். கேமராவும் நாலாமவனும் கதவுப் பக்கம் நின்றார்கள். பாலக்காடு வரைக்கும் பேச்சில்லை.

"நான் சொன்ன அந்த வார்த்த..." என்று ஆரம்பித்தான் கேமரா.

"ம்."

"எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான்டா சொல்லுவாங்க. நான் யோசிச்சதே இல்ல."

"தெரியும்."

கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே எங்க துணியப் போடட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டான் கேமரா.

நாலாமவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போடாம? உங்க வீட்ல மட்டும் வாரத்துக்கு முப்பது உருப்படிடா. நீ வெக்கப்பட்டா எங்கம்மாவுக்குத்தான் நட்டம்."

"அப்ப என்ன பண்ணட்டும்?"

"நீயே எடுத்துட்டு வா. எண்ணிக் குடு. எண்ணி வாங்கு. எங்கம்மாவுக்கு ஒரு பேரு இருக்கு. கேளு."

கேமரா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீடியோவை அழித்தானா, நண்பர்கள் பார்க்கப் போட்டானா என்று யாரும் கேட்கவில்லை. வாளையார் தாண்டி வண்டி மறுபடியும் மெதுவாகப் போனது. மதுக்கரை விளக்குகள் வந்தன. வண்டி நிற்கவில்லை. இந்தத் தடவை டாட்டா சொல்லு என்று யாரும் கத்தவில்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால் அது சினிமா. அப்படி ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கேமரா ஏழு நாள் கழித்துத்தான் பையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தான். வந்தவன் உருப்படி எண்ணத் தெரியாமல் இரண்டு தடவை தப்பாக எண்ணினானாம். பேரைக் கேட்டானாம். அவன் அம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, அதற்கு எதற்கு நீ போனாய் என்று கேட்டாராம். இவ்வளவுதான் நடந்தது. வகுப்பில் யாராவது கேட்டால் நாலாமவன் இப்போது துணி லைன் என்று சொல்வதில்லை, தேய்ப்பு வண்டி என்று சொல்கிறான். முதல் தடவை சொன்னபோது காது சூடானது, இரண்டாவது தடவை அவ்வளவு இல்லை.

சனிக்கிழமை ராத்திரி அவன் வீடு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. அம்மா சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் இதுவரை கடலைப் பார்த்ததில்லை.

"ஏங்கண்ணு, கடல் எப்படி இருந்துச்சு?"

"தண்ணிதாம்மா. பெருசா இருந்துச்சு. ஒரு கப்பல் போச்சு."

"அப்புறம்?"

"அங்க நம்ம ஆளுங்க இருக்காங்கம்மா. தமிழ்தான் பேசறாங்க. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியா ஒரு தொட்டி இருக்குது, கல்லு இருக்குது. கவர்மெண்ட்டே கட்டிக் குடுத்தது."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். கடலைப் பற்றி அப்புறம் ஒரு கேள்வியும் இல்லை.

"தண்ணி?"

"தொட்டி நெறைய இருந்துச்சும்மா."

"பொட்டி போடறது எங்க? வெயில்லயா?"

"இல்லம்மா. பெரிய கூரை. மேசைகூட இருக்குது."

"கூரையா?" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, சாப்புடு சாமி. ஒரு நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார்.

கடல் பார்க்கவா, கூரை பார்க்கவா என்று அவன் கேட்கவில்லை.